பனிக்கோடு இறங்கிய நாட்கள்

கேனுக்குள் திரவ நைட்ரஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க எங்கள் ஆய்வகத்தில் பெரிய கருவி எதுவும் கிடையாது. ஒரு மர ஸ்கேல்தான். அதைக் கேனின் கழுத்து வழியாக அடிவரை இறக்கி, கொஞ்சம் நிறுத்தி, வெளியே எடுத்துக் காற்றில் ஆட்ட வேண்டும். திரவத்தில் முழுகியிருந்த பகுதி மட்டும் வெள்ளையாகப் பனி பூத்துக்கொண்டு வரும். அந்த வெள்ளை எங்கே முடிகிறதோ அதுதான் மட்டம். எனக்கு அங்கே மிகவும் பிடித்த வேலை அது. வெறும் மரத்தில் ஒரு கோடு தானாக வந்து நிற்பதைப் பார்க்க முதல் ஆளாக ஓடுவேன்.

தசரா விடுமுறை முடிந்து திரும்பிய காலையில் அந்தக் கோடு நாலு விரல் கீழே நின்றது.

விடுமுறையில் ஆவியாகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். கேன் என்றாலும் அது ஒரு பெரிய தெர்மாஸ் குடுவைதான். இரண்டு சுவர், நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம், வாயில் ஒரு நுரைத் தக்கை. தக்கையை இறுக்கி மூடக் கூடாது. உள்ளே ஓயாமல் கொதித்துக்கொண்டிருக்கும் வாயு வெளியேற வழி வேண்டும்; இல்லாவிட்டால் கேனே குண்டாகிவிடும். ஆக, தினமும் கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனால் நிரப்பிவிட்டுப் பார்த்தபோது அடுத்த வாரமும் கோடு மளமளவென்று இறங்கியது. இது ஆவி போகிற வேகம் இல்லை, ஆள் எடுக்கிற வேகம் என்று எனக்குப் பட்டது.

கேனுக்குள் இருந்தவை அக்காவின் ஆடுகள். அக்கா என்று நான் சொல்வது எங்கள் ஆய்வகத்தின் மூத்த ஆராய்ச்சி மாணவியை. மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர்; தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். பன்னூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பட்டி பட்டியாக அலைந்து, குட்டைக் காலும் கழுத்தடியில் இரண்டு சதைமணிகளும் உள்ள அந்த ஊர் ஆடுகளின் காதிலிருந்து பட்டாணி அளவு தோல் எடுத்து, அதிலிருந்து செல்களை வளர்த்து, டியூப் டியூபாக உறையவைத்திருந்தார். ஆடு என்று சொல்ல மாட்டார், கன்னடத்தில் ‘நம்ம குரி’ என்பார். கலப்பில்லாத ஆடுகள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகின்றன. அக்கா காதைத் தொட்ட பல கிடாய்கள் ஊர் மாரிப் பண்டிகையில் குழம்பாகிவிட்டன. திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. கேன் வற்றினால் டியூப்கள் உருகும். உருகினால் அக்காவின் இத்தனை வருட உழைப்பு ஒரு கை அழுக்குத் தண்ணீராகிவிடும்.

“ஏனாய்த்து, என்ன ஆச்சு லெவலு?” என்று கேட்டார் அக்கா.

சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

“நம்ம லேப் ஹெட்டு சார்கிட்ட இப்பவே சொல்லாதே. சொன்னா ஒரு கமிட்டி போடுவாங்க. கமிட்டி டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள நம்ம குரி எல்லாம் நீராகிடும். யாருன்னு நீ கண்டுபிடி. நீதான் பெரிய சுறுசுறுப்பாச்சே.”

‘என்ன காரணம்’ என்று கேட்காமல் அவரும் ‘யார்’ என்றுதான் கேட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

எனக்குச் சந்தேகப்பட ஆள் தயாராக இருந்தான். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன், ஒரே படிப்பு, ஒரே பதவி. ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். என் அப்பாவும் அந்தப் பக்கம் மார்டள்ளியிலிருந்து கட்டட வேலைக்கு வந்து மைசூரில் தங்கிவிட்டவர்தான். ஆனால் எனக்குக் கன்னடம்தான் வேகமாக வரும். அவனுடைய தமிழைக் கேட்டால் என் அப்பா போனில் ஊர்க்காரர்களோடு பேசுவது போலிருக்கும். எந்த வேலைக்கும் சிரித்துக்கொண்டே வருவான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, கோடு இறங்கும்வரை. பிறகு, இவன் எதற்கு இவ்வளவு சிரிக்கிறான் என்று தோன்ற ஆரம்பித்தது.

அவனுடைய தாய்மாமன் தசரா பொருட்காட்சியில் கடை போடுகிறவர். புகை பிஸ்கட் கடை என்று அவனே ஒருமுறை சொல்லியிருக்கிறான். பிஸ்கட்டைத் திரவ நைட்ரஜனில் முக்கிக் கொடுப்பார்கள். பிள்ளைகள் வாயில் போட்டுக்கொண்டு மூக்கு வழியாகப் புகை விடும். பொருட்காட்சியோ தசரா முடிந்த பிறகும் மாதக்கணக்கில் ஓடும். நைட்ரஜன் தேவைப்படும் மாமா, நைட்ரஜன் உள்ள மருமகன், இறங்கும் கோடு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவன் எடுப்பதற்கு எங்கே இடம் என்பதையும் கண்டுபிடித்தேன். வாரம் ஒருமுறை நைட்ரஜன் வண்டி வரும். கீழ்த்தளத்தில் எங்கள் சின்னக் கேனில் நிரப்பிக்கொண்டு லிஃப்டில் மேலே அனுப்ப வேண்டும். அந்தக் கேனோடு யாரும் லிஃப்டில் ஏறக் கூடாது. நடுவழியில் கரண்ட் போய் நின்றுவிட்டால், அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஆவியாகும் நைட்ரஜன் மூச்சுக்காற்றைத் தள்ளிவிடும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. ஆள் சத்தமில்லாமல் சுருண்டு விழுவான். அதனால் கீழே ஒருவர் கேனைத் தனியாக ஏற்றிப் பொத்தானை அமுக்குவார். மேலே ஒருவர் வாங்கிக்கொள்வார், பிறகு ஆடுகள் இருக்கும் பெரிய கேனில் ஊற்றுவோம். ‘நைட்ரஜன், யாரும் ஏறாதீர்கள்’ என்று ஒரு பலகை மட்டும் கேனோடு பயணம் செய்யும்.

உயிரைக் காப்பாற்ற வந்த விதிதான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் கேன் யார் கண்ணிலும் இல்லை. தசராவுக்குப் பிறகு கீழே நிற்கும் வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த முறை வண்டி வந்தபோது, மேலே வாங்குவதற்கு அக்காவை நிறுத்திவிட்டு நான் முதல் மாடிப் படிக்கட்டில் ஒளிந்து நின்றேன். லிஃப்ட் முதல் மாடியில் நின்றது. கதவு திறந்ததும், டீ டம்ளரோடு காத்திருந்த அலுவலகத்து அம்மா ஒருவர் காலை உள்ளே வைக்கப் போனார், பலகையைப் பார்த்ததும் பின்வாங்கி, “அய்யய்யோ, பேடப்பா, வேண்டாம்!” என்று படிக்கட்டுப் பக்கம் வந்தார். என்னைப் பார்த்து, “ஏன் இங்க நின்னிருக்க? யாருக்காகக் காயறே, யாராவது வரணுமா?” என்றார். கதவு மூடி லிஃப்ட் மேலே போனது. கேனை யாரும் தொடவில்லை.

இதைப் பார்த்து ஒருவன் நிம்மதி அடையலாம். நான் அடையவில்லை. நான் பார்க்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் இன்று எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகம் வந்த பிறகு எல்லாமே சாட்சியாகிவிடுகிறது, ஒன்றும் நடக்காததும்கூட.

அந்த நாட்களில் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் கேன் அறைக்குப் போனோம். அந்த அறைக்குத் தனியாகப் போகக் கூடாது என்பது விதி. நாங்கள் அதை ஒருநாள்கூட மீறவில்லை. அவனைத் தனியாக விட எனக்கு மனமில்லை. அவனும் என்னை விடவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. தளர்வான தோல் கையுறை மாட்டி, முகமூடிக் கண்ணாடி இறக்கி, பேன்டை ஷூவுக்கு வெளியே இழுத்துவிட்டு, மாமன் மச்சான் மாதிரி சேர்ந்து போவோம். அக்கா பார்த்துச் சொல்வார்: “எவ்வளவு ஒற்றுமை பாரு!”

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவன் பையில் ஒரு ஸ்டீல் ஃபிளாஸ்க்கை வைப்பதைப் பார்த்தேன். துண்டு சுற்றியிருந்தது. நைட்ரஜனைச் சாதாரண ஃபிளாஸ்க்கில் எடுத்து மூடியைத் திருகினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் செய்கிறானா? எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. என் ஸ்கூட்டரில் அவன் ஏறிய பஸ்ஸைத் தொடர்ந்து பொருட்காட்சி மைதானம்வரை போனேன்.

உள்ளே அப்பளம், பஜ்ஜி, ராட்டினச் சத்தம். கூட்டத்தில் அவனைத் தவறவிட்டுப் பிறகு கண்டுபிடித்தேன். ஒரு கடைக்குள் நின்றுகொண்டு ஃபிளாஸ்க்கை ஒரு பெரியவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். அவர் மூடியில் கை வைத்தார்.

“திறக்காதீங்க! கையை எடுங்க!” என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

அவர் அதற்குள் திறந்துவிட்டார். புகை வந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நைட்ரஜனின் குளிர்ப்புகை கனமானது. விளிம்பைத் தாண்டிக் கீழே வழிந்து தரையில் பரவும். இது நேராக மேலே எழுந்தது. மிளகு வாசனை வேறு அடித்தது.

“என்றா, நீ எங்க இங்க?” என்றான் அவன்.

“சும்மா... பொருட்காட்சி பார்க்க.”

“ஒத்தையிலயா? ஹெல்மெட்டக்கூடக் கழட்டாமயா?”

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். “யாரு கண்ணு, உம்பட கூட வேலை செய்யறவங்களா? வாங்க, ரசம் குடிக்கறீங்களா? நாளெல்லாம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சுங்க. அதான் ரூம்ல வெச்சுக் கொண்டாரச் சொன்னேன்.”

“நீங்க... புகை பிஸ்கட் கடைதானே?”

“அதெல்லாம் எப்பவோ போச்சுங்க. ஆபீசருங்க வந்து, கொழந்தைங்க முழுங்கிப்புட்டா வயித்துல ஓட்டை விழும், கூடாதுன்னுட்டாங்க. இப்ப சுருமுரிதான். இதுல புகை வராது, காரந்தான் வரும். ஒரு பொட்டலம் போடட்டுமா?”

அரிசிப்பொரியும் தேங்காயெண்ணெயும் கேரட்டும் மணக்க ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். அதை வைத்துக்கொண்டு நான் திருடன் மாதிரி நின்றேன். அவன் என் தோளைப் பிடித்து வெளியே நடத்திக் கூட்டிப் போனான். ராட்டினத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றான். சிரிப்பு இல்லை.

“நம்ம கேன்ல இருந்து நான் மாமனுக்கு மோந்து குடுக்கறேன்னு நெனச்சே.”

நான் பொரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சொல்லு குரு. நெனச்சியா இல்லியா?”

“நெனச்சேன்.”

“செரி. நானும் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நான் உன்னையத்தான் நெனச்சேன்.”

“என்னையா?”

“பின்ன? வாரா வாரம் ஸ்கூல் புள்ளைகளக் கூட்டியாந்து, ரோசாப்பூவ முக்கி எடுத்துக் கண்ணாடியாட்டம் ஒடைச்சுக் காட்டுனது ஆரு? அதுல ஊத்தித் தீக்கறேன்னுதான் நெனச்சேன். அதான் கீழ நானே நின்னேன். கேன எடை போட்டுத்தான் லிஃப்ட்டுல ஏத்துனேன். மேல வந்து, நீ ஊத்தறப்ப பக்கத்துலயே நின்னு பாத்தேன்.”

“கணக்கு?”

“செரியா இருந்துச்சு. அதான் எனக்கு எரிச்சலு.”

ராட்டினம் கிறீச்சென்று சுற்றியது. வண்டியில் வந்தது சரி, லிஃப்டில் ஏறியது சரி, ஊற்றியது சரி. நடுவில் எடுப்பதற்கு ஆளே இல்லை. இருவர் இரண்டு பக்கமும் நின்று காவல் காத்து, திருடனே இல்லை என்று நிரூபித்திருக்கிறோம். அப்படியானால் நைட்ரஜன் எங்கே போகிறது?

“கேனே குடிக்குதாட்ட இருக்குது” என்றான் அவன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆய்வகத்தைத் திறந்தோம். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்து, மூச்சுக்காற்றின் அளவைக் காட்டும் சின்ன மீட்டரை அவன் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டான். ஸ்கேலைத் தொடுவதற்கு முன்பே அவன் என் கையைப் பிடித்தான்.

“குங்குமத்தப் பாரு.”

ஆயுத பூஜைக்கு எங்கள் ஆய்வகத்தில் எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பூச்சரம் போடுவது வழக்கம். சென்ட்ரிஃப்யூஜ், இன்குபேட்டர், நுண்ணோக்கியின் கழுத்து, எல்லாவற்றிலும் வைத்த பொட்டு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. கேனின் தோளில் வைத்த பொட்டு மட்டும் இன்னும் ஈரமாக, சிவப்புக் கோடாக வழிந்து இறங்கியிருந்தது. கையுறையைக் கழற்றிப் புறங்கையை அருகில் கொண்டுபோனேன். சில்லென்று இருந்தது. நல்ல கேனின் வெளிச்சுவர் அறையின் சூட்டில்தான் இருக்கும். இது வேர்த்துக்கொண்டிருந்தது. இரண்டு சுவருக்கும் நடுவே இருந்த வெற்றிடத்துக்குள் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

கழுத்தை ஒட்டி, கட்டைவிரல் நுனியளவு ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு. வெற்றிடத்தை அடைத்து வைத்திருக்கும் முத்திரை அதற்கு அடியில்தான். அதைத் தொடவே கூடாது. ஆனால் பார்த்தால், மாலை மாட்டுவதற்கென்றே வைத்த ஆணி போல இருக்கும். மூடி ஒருபக்கம் சாய்ந்திருந்தது. அதைச் சுற்றி, பூ உதிர்ந்துபோன வாழைநார் ஒன்று இறுக்கமாக முடிச்சுப் போட்டிருந்தது.

மற்ற இயந்திரங்களுக்கு அன்று போட்டவை சின்னச் சரங்கள். கேனுக்கு மட்டும் கை கனத்துக்கு மல்லிகையும் செவ்வந்தியும் சேர்த்துக் கட்டிய மாலை. தேவராஜ மார்க்கெட்டில் வாங்கி வந்து, “நம்ம குரிக்கு” என்று சொல்லிக்கொண்டு தன் கையாலேயே இழுத்துக் கட்டியவர் அக்கா. அவனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவுக்குப் போன் செய்து, கேன் கெட்டுவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

அவர் வந்து சேர்வதற்குள் மாற்றுக் கேனை எடுத்து, அதன் சுவரைத் தடவித் தடவிச் சோதித்தோம். இப்போது எந்தக் கேனையும் நம்பும் நிலையில் நாங்கள் இல்லை. சின்னக் கேனில் வெள்ளிக்கிழமை மிச்சம் இருந்த நைட்ரஜனை அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். அறைச் சூட்டில் இருக்கும் கேனில் ஒரேயடியாகக் கொட்டினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். ஊற்று, நில், கொதி அடங்கட்டும், மறுபடி ஊற்று. அந்தப் பக்கம் பழைய கேனில் திரவம் இறங்கிக்கொண்டே இருந்தது. அக்கா உள்ளே வந்ததும் நேராகப் பழைய கேனின் தக்கையைப் பிடித்தார்.

“அக்கா, ஷீல்டு போடுங்க மொதல்ல. க்ளவுஸு!” என்றான் அவன்.

“நகருடா. நம்ம குரி அது.”

“குரி உங்குளுதுதான். கண்ணும் உங்குளுதுதான். போடுங்க.”

போட்டுக்கொண்டார். டியூப்கள் இருந்த வாளிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மாற்ற ஆரம்பித்தோம். இரண்டு கேனும் திறந்திருந்தன, தரையெல்லாம் வெண்புகை. பாதி மாற்றியபோது மீட்டர் கீச்கீச்சென்று அலறியது.

“வெளிய!” என்றேன்.

அவன் கையிலிருந்த வாளியைப் புதுக் கேனில் இறக்கிவிட்டு வெளியே வந்தான். அக்கா வரவில்லை. நான் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்து வந்து வாசலை மறித்து நின்றேன்.

“பிடு, விடுடா! மேல்வரிசை இன்னும் அந்தக் கேன்லயே இருக்கு. எனக்கு ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் இருக்கேன்.”

“நல்லா இருக்கற மாதிரிதான் இருக்கும், அக்கா. அதுக்கப்புறம் விழுவீங்க.”

“உன்னால என் குரி போச்சுன்னா உன்னை விடமாட்டேன்.”

“சரி. விடாதீங்க.”

காரிடாரில் மூவரும் நின்றோம். உள்ளே புகை ஜன்னல் வழியாக மெதுவாகக் கலைந்தது. அக்கா கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்தார். வேண்டிக்கொண்டாரோ, என்னைத் திட்டினாரோ. மீட்டர் அடங்கிய பிறகும் அவன் கையை நீட்டி எங்களைக் கொஞ்ச நேரம் தடுத்தான். பிறகு போய் மிச்சத்தை மாற்றினோம். பழைய கேனைக் கூரையில்லாத பின்முற்றத்தில் கொண்டுபோய் வைத்து, அதுவாகக் கொதித்துத் தீரட்டும் என்று விட்டோம்.

அப்போதுதான் அக்கா கேட்டார். “யாருடா அந்த மூடியை முட்டினது?”

“பழைய கேனுங்க அக்கா. ஆயுசு முடிஞ்சிருக்கும்” என்றான் அவன், உடனே.

அவன் அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதே அவருக்குச் சந்தேகமாகியிருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். நான் கையுறையின் நூலைப் பிய்த்தேன். அவர் குனிந்து, சாய்ந்த மூடியையும் நார் முடிச்சையும் நெடுநேரம் பார்த்தார். முடிச்சை அவிழ்த்து நாரைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். எங்களோடு மேற்கொண்டு அதைப் பற்றிப் பேசவே இல்லை. கேன் கம்பெனியிலிருந்து வந்த ஆளும் மூடி தானாகவும் தளரலாம் என்றுதான் சொன்னார். இன்றுவரை எனக்கு அது உறுதியாகத் தெரியாது.

அடி வாளிகள் திரவத்திலேயே இருந்தவை. அவற்றைப் பற்றிக் கவலை இல்லை. மேல்வரிசை டியூப்கள் எத்தனை நாள் திரவத்துக்கு மேலே, வெறும் ஆவியில், எந்தச் சூட்டில் நின்றன என்று யாருக்கும் தெரியாது. நிறைய டியூப் உள்ள ஒரு கிடாயினுடையதாகப் பார்த்து ஒன்றை எடுத்து உருக்கி வளர்த்தார் அக்கா. மறுநாள் நுண்ணோக்கியில் பாதிக்கு மேல் செல்கள் செத்து மிதந்தன. மிச்சம் குடுவையின் தரையைப் பற்றிக்கொண்டு, நீண்டு, உயிரோடு இருந்தன. எங்களுக்கும் காட்டினார்.

அதே வரிசையில் இன்னொரு கிடாய் உண்டு. பண்டிகையில் வெட்டப்பட்டது, அதன் வம்சத்தில் வேறு தலை அகப்படவில்லை. அதற்கு இருந்தது ஒரே ஒரு டியூப். உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் உருக்க வேண்டும். உருக்கிப் பார்த்து, எல்லாம் செத்திருந்தால் அத்தோடு முடிந்தது. கொஞ்சம் பிழைத்திருந்து, அது வளராமல் போனாலும் முடிந்தது. அக்கா இடுக்கியால் அந்த டியூபைப் பிடித்து, புகைக்கு மேலே வராமல் கழுத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு வாளியில் விட்டு, வாளியை அடிவரை இறக்கினார்.

வெளியூர் போயிருந்த சார் திரும்பி வந்து நடந்ததைத் தெரிந்துகொண்டதும் முதலில் கேட்டது அதைத்தான். அந்தக் கிடாய் இருக்கிறதா, போய்விட்டதா?

“இருக்கு, சார்” என்றார் அக்கா.

கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார். சார் நம்பினார். பக்கத்தில் நின்ற நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம்.